செத்த மாட்டுக்கும் டாக்டர் உண்டு: வெட்டினரி பேத்தாலஜிஸ்ட்னா யாரு, என்ன பண்றாங்க?

மாடோ ஆடோ நாயோ, உயிரோட இருக்கற வரைக்கும்தான் டாக்டருக்கு வேலை, செத்துட்டா குழி தோண்டிப் புதைக்கறதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நெறைய பேரு நினைக்கறாங்க. ஆனா அந்தச் சாவுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கற ஒரு டாக்டர் இருக்காங்க, அவங்கதான் வெட்டினரி பேத்தாலஜிஸ்ட், புஸ்தகத் தமிழ்ல கால்நடை நோய்க்குறியியல் நிபுணர். எந்த நோய், உடம்புல எந்த எடத்துல ஆரம்பிச்சுது, எப்படிப் பரவுச்சு, கடைசில எதனால உயிர் போச்சுன்னு கண்ணாலயும் மைக்ரோஸ்கோப்லயும் பாத்து சொல்றது அவங்க வேலை. இவங்களைப் பத்தி தமிழ்ல யாரும் பெருசா எழுதினதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம், அதான் ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதிப் பாக்கலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிடுறேன், இவங்க பிணத்தை மட்டும் பாக்கறவங்க கெடையாது. உங்க வீட்டு நாய்க்கு மார்ல ஒரு கட்டி வந்து சர்ஜன் வெட்டி எடுக்கறாருன்னு வைங்க, அந்தக் கட்டி ஒரு டப்பால ஃபார்மலின்ல மிதந்துக்கிட்டு போயி சேர்ற எடம் பேத்தாலஜிஸ்ட் டேபிள்தான். பொட்ட நாய்ங்களுக்கு வர்ற மார்புக்கட்டில ஏறக்குறைய பாதிதான் புத்துநோய், மீதிப் பாதி ஆபத்தில்லாதது, வெளில இருந்து தொட்டுப் பாத்து எது எதுன்னு சொல்லவே முடியாது. தெரு நாய்ங்ககிட்ட நம்மூர்ல நெறைய பாக்கற ஒரு கட்டி இருக்கு, டிவிடின்னு (TVT) சுருக்கமா சொல்லுவாங்க, இனச்சேர்க்கைல ஒரு நாய்கிட்ட இருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கற புத்துநோய் அது. ஒரு ஊசி குத்தி கொஞ்சம் செல் எடுத்து, கண்ணாடில தேச்சு, சாயம் போட்டுப் பாத்தா, உள்ள சின்னச் சின்னக் குமிழியோட உருண்டையான செல்லுங்க வரிசை கட்டி நிக்கும், பாத்த உடனே சொல்லிடலாம். வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து வாரா வாரம் போட்டா பெரும்பாலான நாய்க்கு சரியாயிடும். கத்தியே வேண்டாம். இந்த மாதிரி ரத்தம், செல், சிறுநீர் பாக்கற பிரிவுக்குப் பேரு கிளினிக்கல் பேத்தாலஜி. உறுப்பு, திசு, போஸ்ட்மார்ட்டம் பாக்கறது அனாட்டமிக் பேத்தாலஜி. நான் இங்க அதிகமா சொல்லப்போறது ரெண்டாவதைப் பத்தி.

ஒரு மாடு செத்து வந்துருக்கு. எடுத்த எடுப்புல கத்தி வைக்க மாட்டாங்க. என்ன தீனி போட்டீங்க, எப்ப தடுப்பூசி, எத்தன நாளா சரியில்ல, பக்கத்து கொட்டாய்ல வேற எதாவது செத்துச்சான்னு எல்லாம் கேட்டு எழுதிட்டு, வெளி உடம்பை மூக்குல இருந்து வால் வரைக்கும் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. மாட்டை இடது பக்கம் கீழ போற மாதிரி சாய்ச்சுப் படுக்க வெப்பாங்க, ஏன்னா இடது பக்கத்தை முக்கால்வாசி அந்தப் பெரிய வயிறு, ரூமன், அடைச்சுக்கிட்டிருக்கும், அது மேல இருந்தா வேற எதையும் பாக்க விடாது. குடலைக் கடைசிலதான் வெட்டித் திறப்பாங்க, முன்னாடியே திறந்துட்டா உள்ள இருக்கறது கொட்டி மத்த உறுப்பெல்லாம் அசிங்கமாயி சாம்பிள் கெட்டுடும்.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம், செத்ததுக்கப்புறம் உடம்புல வர்ற மாத்தத்தையும் நோயால வந்த மாத்தத்தையும் பிரிச்சுப் பாக்கணும். நம்மூர் சித்திரை வெயில்ல ஒரு மாடு செத்து நாலஞ்சு மணி நேரம் கெடந்தாலே வயிறு பானையா உப்பிடும், கல்லீரல்ல பச்சை ஏறிடும், குடல் கொழகொழன்னு ஆயிடும். அப்ப வயிறு உப்பித்தான் செத்துச்சா, இல்ல செத்ததுக்கப்புறம் உப்புச்சா? உணவுக்குழாயை நீளவாக்குல கிழிச்சுப் பாப்பாங்க. உயிரோட இருக்கும்போதே உப்பி அழுத்தம் ஏறியிருந்தா கழுத்துப் பக்கம் ரத்தம் கட்டி செவப்பாவும், நெஞ்சுக்கூட்டுக்குள்ள இருக்கற பாகம் வெளிறிப் போயும், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி பிரிஞ்சு தெரியும். செத்தப்புறம் உப்பினதுன்னா அந்தக் கோடு இருக்காது, ஏன்னா ரத்தம் ஓடினாத்தானே ஒரு பக்கம் நிறைஞ்சு இன்னொரு பக்கம் காலியாகும். இத மொத மொதல்ல தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு, வாயில்லா ஜீவன் கடைசி நிமிஷத்துல பட்டதெல்லாம் இப்படி ஒரு குழாயோட செவத்துல எழுதியிருக்கேன்னு.

அதே மாதிரி இன்னொண்ணு, கம்பி தின்ன மாடு. மாடு மெல்லாம முழுங்கற ஜாதி, வைக்கோலோட ஆணி, கட்டுக்கம்பி, ஊசின்னு எது வந்தாலும் உள்ள போயிடும். அது ரெண்டாவது வயிறான ரெட்டிகுலத்துல தங்கிக்கும், அந்த வயித்துக்கும் இதயத்துக்கும் நடுவுல உதரவிதானம் மட்டும்தான், விரக்கடை தூரம். கன்னு போடற நேரத்துல வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும்போது கம்பி அப்படியே குத்திக்கிட்டு முன்னாடி போயி இதயத்தைச் சுத்தி இருக்கற உறைல சீழ் வெச்சுடும். மாடு தீனி எடுக்கல, முழங்கையை வெளிப்பக்கமா விரிச்சு நிக்குது, தாடைக்குக் கீழ நீர் தொங்குதுன்னு கொண்டுவருவாங்க. செத்ததுக்கப்புறம் திறந்தா இதயம் முழுக்க மஞ்சளா தடிச்ச ஒரு படலம், நடுவுல துருப்பிடிச்ச கம்பி. அந்தக் கம்பியை எடுத்து வீட்டுக்காரர் கைல காட்டும்போதுதான் அடுத்த மாட்டுக்குத் தீனி போடறப்ப அவர் ஒரு தடவ கையவிட்டுத் துழாவிப் பாப்பாரு. பிளாஸ்டிக் பையும் இதே கததான், டவுன்ல மேயற மாட்டு ரூமன்ல கிலோ கணக்குல எடுத்திருக்காங்க.

எழுதறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. "கல்லீரல் கெட்டுப்போயிருந்தது"ன்னு எழுதினா புரொஃபசர் தாளைத் தூக்கிப் போட்டுடுவாரு. எவ்வளவு பெருசு, என்ன நெறம், ஓரம் கூரா மழுங்கலா, வெட்டினா என்ன வழியுது, புள்ளி இருந்தா எத்தன மில்லிமீட்டர், ஒரே எடத்துலயா பரவியா, எல்லாம் எழுதிட்டு அப்புறம்தான் முடிவு. ஏன்னா முடிவு நாளைக்கு மாறலாம், கண்ணு பாத்தது மாறக்கூடாது.

அப்புறம் திசு. ஒவ்வொரு உறுப்புலயும் நல்லா இருக்கற பாகமும் கெட்ட பாகமும் சேர்ந்து வர்ற மாதிரி அர சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல போகாம ஒரு துண்டு எடுத்து, அதோட அளவுக்குப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின்ல போடணும். துண்டு தடியா இருந்தா ஃபார்மலின் நடு வரைக்கும் போறதுக்குள்ள உள்பக்கம் அழுகிடும். நல்லா ஊறினதும் தண்ணி எல்லாம் எடுத்துட்டு மெழுகுல பதிச்சு, மைக்ரோடோம்னு ஒரு மெஷின்ல 4, 5 மைக்ரான் மொத்தத்துக்குச் சீவுவாங்க, ஒரு மில்லிமீட்டர்ல இருநூறுல ஒரு பங்கு. அதைக் கண்ணாடில ஒட்டி ஹெமடாக்ஸிலின், ஈயோசின்னு ரெண்டு சாயம், செல்லோட உட்கரு நீலமாவும் மீதி எல்லாம் ரோஸ் கலர்லயும் தெரியும். நூறு வருஷத்துக்கும் மேல இதே ரெண்டு சாயம்தான், எவ்வளவோ டெக்னாலஜி வந்தும் இன்னும் இத மாத்த முடியல. அந்த மெழுகுக் கட்டியை மட்டும் தூக்கிப் போடவே மாட்டாங்க. நம்பர் போட்டு அலமாரில வருஷக்கணக்கா வெச்சுருப்பாங்க. எதுக்குன்னு கேட்டா, குமாரி கதையச் சொல்லணும்.

குமாரி ஒரு யானைக்குட்டி. வாஷிங்டன்ல இருக்கற நேஷனல் ஜூல பொறந்தது. அதோட அம்மா சாந்தி, ஸ்ரீலங்கால பின்னவல யானைக் காப்பகத்துல இருந்து 1970கள்ல அமெரிக்காவுக்குப் பரிசா போன யானை. குட்டி நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தது, 1995 ஏப்ரல்ல திடீர்னு சோர்ந்து போச்சு, தீனி எடுக்கல, கொஞ்ச நாள்லயே செத்துடுச்சு. 16 மாசக் குட்டி. பாத்துக்கிட்ட ஆளுங்களுக்கு எப்படி இருந்துருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, எந்த மருந்து குடுக்கறதுன்னே தெரியாம கைவிட்ட கேஸ்.

போஸ்ட்மார்ட்டத்துல இதயம் பூரா ரத்தக்கசிவு, மத்த உறுப்புங்கள்லயும் அங்கங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. அந்த ஜூவோட பேத்தாலஜி டிபார்ட்மென்ட்ல ரிச்சர்ட் மொன்டாலி தலைமைல வேலை பாத்த லாரா ரிச்மன்ங்கற இளம் வெட்டினரி பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைப் பாத்தப்ப, ரத்தக்குழாயோட உள்பக்கம் பாவியிருக்கற செல்லுங்க இருக்கே, அந்த செல்லோட உட்கருவுக்குள்ள இருக்கக்கூடாத ஒரு உருண்டை தெரிஞ்சுது. வைரஸ் உள்ள உக்காந்து பெருகுனா விட்டுட்டுப் போற அடையாளம் அது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் மாதிரியே இருக்கு. யானையக் கொல்ற இப்படி ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸப் பத்தி அப்ப ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும். ரத்தக்குழாயோட உள்சுவர் ஓட்டையாகி ரத்தம் வெளிய கசிஞ்சு இதயம் நின்னு போகுது, இதுதான் சாவுக்குக் காரணம்.

இத்தோட விட்டுருந்தா அது ஒரு குட்டியோட ரிப்போர்ட், அவ்வளவுதான். ரிச்மன் என்ன பண்ணாங்கன்னா, மத்த ஜூக்கள்ல அதுக்கு முன்னாடி "காரணம் தெரியல"ன்னு எழுதி மூடின யானைக் கேஸுங்களோட பழைய திசுவை எல்லாம் வரவழைச்சுப் பாத்தாங்க. நான் சொன்னேன்ல, அலமாரில தூங்கிக்கிட்டிருக்கற மெழுகுக்கட்டி, அதுங்கள்ல. அதே உருண்டை, அதே ரத்தக்குழாய். வருஷக்கணக்கா இந்த வைரஸ் யானைக்குட்டிங்களக் கொன்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கு, யாருக்கும் பேரு தெரியல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆளுங்களோட சேர்ந்து 1999ல சயின்ஸ் பத்திரிகைல வெளியிட்டாங்க, இன்னைக்கு அதுக்கு இஇஹெச்வின்னு பேரு.

அதோட பலன் உடனே தெரிஞ்சுது. பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே, 1997ல மிசௌரி மாநிலத்துல ஒரு ஜூல சந்திரான்னு ஒரு குட்டிக்கு இதே அறிகுறி வந்தப்ப, இது ஹெர்ப்பிஸ் குடும்பம்னு தெரிஞ்சதால மனுஷங்களுக்குக் குடுக்கற ஃபேம்சிக்ளோவிர் மாத்திரையைக் குடுத்துப் பாத்தாங்க, பொழச்சுடுச்சு. எல்லாக் குட்டியும் பொழைக்கறதில்ல, நோய் வந்தா நிறைய குட்டி இன்னும் செத்துக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா என்ன மருந்து எடுக்கணும்னாவது தெரியுது. குட்டிங்களோட ரத்தத்தை அடிக்கடி டெஸ்ட் பண்ணி வைரஸ் ஏறுதான்னு கண்காணிக்கற பழக்கமே இதுக்கப்புறம்தான் வந்துச்சு. 2024ல ஹூஸ்டன் ஜூல டெஸ்ங்கற யானைக்கு மொதல் தடவையா இதுக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசியும் போட்டுட்டாங்க.

ஒரு விஷயத்துல ஆரம்பத்துல நினைச்சது மாறியும் போச்சு. ஆப்பிரிக்க யானைகிட்ட இருந்துதான் ஆசிய யானைக்கு இது தொத்துதுன்னு மொதல்ல சந்தேகப்பட்டாங்க. அப்புறம் நம்ம பக்கம் கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா காட்டுல செத்த குட்டிங்களப் போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாத்தப்ப, அருண் சக்கரியா குழு 2013ல வெளியிட்ட பேப்பர்ல, தென்னிந்தியாவுல காட்டுக்குட்டிங்களும் வளர்ப்புக்குட்டிங்களுமா 9 சாவை உறுதிப்படுத்தினாங்க. ஆப்பிரிக்க யானை முகத்தையே பாக்காத குட்டிங்க. ஆக இது ஆசிய யானைகிட்டயே காலங்காலமா இருக்கற வைரஸ், பெரிய யானைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, தாய்ப்பால் எதிர்ப்பு சக்தி கொறையற வயசுல குட்டியத் தாக்குது. நம்ம காட்டுல யாரோ ஒரு டாக்டர் நாத்தத்துல நின்னு குட்டியத் திறந்து சாம்பிள் எடுத்ததாலதான் உலகத்துக்கே இது தெளிவாச்சு. தமிழ்நாட்டுல இந்தப் பழக்கத்துக்கு வேர் போட்டவர்னா வனத்துறை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லணும், டாக்டர் கேன்னு எல்லாரும் கூப்பிட்டவர், 2002ல காலமானாரு, காட்டுல செத்த யானைய அப்படியே விட்டுடக்கூடாது, திறந்து பாக்கணும்னு பிடிவாதமா நின்னவர்.

பாறு கழுகு கதையும் இதே ரகம்தான், ஆனா இன்னும் பயங்கரம். 1990கள்ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எல்லா எடத்துலயும் கழுகுங்க கொத்துக்கொத்தா செத்துச்சு, வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல காலி. எல்லாரும் வைரஸ்னே நம்பினாங்க. லிண்ட்சே ஓக்ஸ்ங்கற அமெரிக்க வெட்டினரி விஞ்ஞானி பாகிஸ்தான்ல செத்த பறவைங்களத் திறந்து பாத்தா, பெரும்பாலானதுல இதயம், கல்லீரல், சிறுநீரகம் மேல எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. யூரிக் ஆசிட் அது, சிறுநீரகம் வேலை செய்யாம போனா பறவைக்கு இப்படித்தான் படியும். சரி, சிறுநீரகம் ஏன் கெட்டுச்சு? வைரஸ் இல்ல, பூச்சிமருந்து இல்ல, ஈயம் மாதிரி உலோகமும் இல்ல. ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித் தள்ளிட்டு, அப்புறம் வேற மாதிரி யோசிச்சாங்க. கழுகு திங்கறது செத்த மாடு, அப்ப மாட்டுக்கு என்ன மருந்து போடறாங்க, அதுல எது சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு மருந்துக்கடைங்கள்லயும் டாக்டருங்ககிட்டயும் போயி கேட்டாங்க. டைக்ளோஃபினாக்னு பதில் வந்துச்சு. நம்ம முழங்கால் வலிக்குப் போடுறோமே, அதேதான். சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுலயும் அந்த மருந்து இருந்துச்சு, வேற காரணத்துல செத்த 13ல ஒண்ணுலகூட இல்ல. 2004ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு, 2006ல இந்தியா மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடறதைத் தடை பண்ணுச்சு, கழுகுக்கு ஆபத்தில்லாத மெலாக்ஸிகாம் மாத்து மருந்தா வந்துச்சு. நீலகிரி அடிவாரத்துல மாயாறு பள்ளத்தாக்குல இன்னைக்கும் பாறு கழுகு வட்டம் போடுதுன்னா, அதுக்குப் பின்னாடி இந்த வெள்ளைப் படிவத்தைப் பாத்து "இது தொத்துநோய் மாதிரி தெரியலயே"ன்னு யோசிச்ச கண்ணும் ஒரு காரணம்.

மனுஷ டாக்டருங்க தப்பான பாதைல போனப்ப மிருக பேத்தாலஜிஸ்ட் திருப்பி விட்ட கேஸும் இருக்கு. 1999 கோடைல நியூயார்க்ல காக்கா செத்து செத்து விழுந்துச்சு, அதே சமயம் குவீன்ஸ் பகுதில வயசானவங்களுக்கு மூளைக்காய்ச்சல். செப்டம்பர் ஆரம்பத்துல அமெரிக்க அரசு நோய்த்தடுப்பு மையம் இது செயின்ட் லூயிஸ் என்செஃபலைட்டிஸ், கொசுவால வருதுன்னு அறிவிச்சுடுச்சு. பிராங்ஸ் ஜூவோட பேத்தாலஜிஸ்ட் ட்ரேசி மெக்நமாராவுக்கு மட்டும் மனசு ஒப்பல. அவங்க டேபிள்ல ஃபிளமிங்கோ, கழுகு, ஆந்தைன்னு வரிசையா செத்து வருது, மூளைலயும் இதயத்துலயும் கடுமையான பாதிப்பு, ஆனா செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவையக் கொல்லாதே. குதிரைக்கு வர்ற இன்னொரு மூளைக்காய்ச்சலா இருந்தா மொதல்ல ஈமு கோழிதான் சாகணும், ஜூல ஈமு நல்லா இருக்கு. பறவைக்காய்ச்சலாவோ ராணிக்கெட்ங்கற கோழி நோயாவோ இருந்தா கோழி செத்துருக்கணும், அதுவும் நல்லா இருக்கு. எது சாகலங்கறதையும் சேத்துப் பாத்தாங்க பாருங்க, அதுதான் இந்தப் படிப்போட அழகு. மனுஷனுக்கும் பறவைக்கும் வந்திருக்கறது ஒரே நோய்தான், நீங்க சொல்ற நோய் இல்லன்னு அவங்க திரும்பத் திரும்பச் சொல்லி, சாம்பிளை வேற வேற லேபுக்கு அனுப்பினாங்க. செப்டம்பர் கடைசில உண்மை வெளிய வந்துச்சு, வெஸ்ட் நைல் வைரஸ், 1937ல உகாண்டால கண்டுபிடிச்சது, அமெரிக்கா கண்டத்துக்குள்ள அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. அந்த வருஷம் நியூயார்க்ல 7 பேர் செத்தாங்க.

நம்ம ஊர் நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டுல பேத்தாலஜிஸ்ட் கண்ணு தினம் வேலை செய்யற எடம்னா நாமக்கல்தான். கோடிக்கணக்குல கோழி இருக்கற ஊர்ல நாலு கோழி செத்தாலே உடனே அறுத்துப் பாக்கணும், நாளைக்குன்னு தள்ளினா கொட்டாயே போயிடும். இரைப்பைக்கு முன்னாடி இருக்கற சுரப்பி வயித்துல செவப்புப் புள்ளி இருந்தா ராணிக்கெட்டை சந்தேகப்படணும், ஆசனவாய்ப் பக்கம் இருக்கற பர்சாங்கற உறுப்பு வீங்கி, தொடைச் சதைல ரத்தக்கீறல் இருந்தா கம்போரோங்கற கோழி நோய். தீவனத்துல பூஞ்சை இருந்தா கல்லீரல் காட்டிக் குடுத்துடும். அந்தப் பூஞ்சை விஷம் உலகத்துக்குத் தெரிஞ்சதே செத்த பறவைங்களாலதான், 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழி செத்து, காரணம் தேடிப் போனா கடலைப் பிண்ணாக்குல வந்து நின்னுச்சு, அஃப்ளாடாக்ஸின். இன்னைக்கு நாம திங்கற கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த டெஸ்ட் பண்றாங்க.

ஆடு வளக்கறவங்களுக்குத் துள்ளுமாரி தெரிஞ்சிருக்கும், சாயங்காலம் நல்லா மேஞ்சு வந்த கொழுத்த குட்டி காலைல செத்துக் கெடக்கும். யாரோ மருந்து வெச்சுட்டாங்கன்னு பக்கத்து வீட்டோட சண்டையே வந்துடும். சூடா இருக்கும்போதே திறந்து, குடல்ல இருக்கறத லேபுக்கு அனுப்பினா கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவோட விஷம்னு தெரியும், மத்த ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாத்தலாம், சண்டையும் நிக்கும்.

ஆனா எல்லா சாவையும் திறந்துடக் கூடாது, இத மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்த மாடு, ஆடு திடீர்னு செத்து, மூக்கு வாய் ஆசனவாய்ல இருந்து உறையாத கருஞ்செவப்பு ரத்தம் வந்தா அது அடைப்பானா, அதாவது ஆந்த்ராக்ஸா இருக்கலாம். வெட்டித் திறந்தா அந்தக் கிருமி காத்து பட்டு வித்தா மாறிடும், அந்த வித்து மண்ணுல பல பத்து வருஷம் உயிரோட கெடக்கும். தோலை உரிச்சவனுக்கும் கறி தின்னவனுக்கும் நோய் வரும். அதனால காது நரம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடுல தேச்சு மெத்திலீன் ப்ளூ போட்டுப் பாத்துட்டுத்தான் பேத்தாலஜிஸ்ட் கத்தியத் தொடுவாங்க, கிருமி தெரிஞ்சா அப்படியே ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லிடுவாங்க, இல்ல எரிக்கச் சொல்லுவாங்க.

கோர்ட் வரைக்கும் போற வேலையும் உண்டு. புலி செத்தா, வேட்டை இல்லன்னு நிரூபணம் ஆகற வரைக்கும் அதை வேட்டைன்னு வெச்சுத்தான் விசாரிக்கணும்னு தேசியப் புலிகள் ஆணையம் விதி வெச்சிருக்கு, கேமரா முன்னாடி போஸ்ட்மார்ட்டம், முடிஞ்சதும் எரிச்சுடணும். கோயம்புத்தூர்ப் பக்கம் பன்றிக்கு வெச்ச அவுட்டுக்காயை, அதாவது நாட்டுவெடியைக் கடிச்சுத் தாடை சிதைஞ்ச யானை, மின்வேலில அடிபட்ட யானை, குண்டு பாய்ஞ்ச யானை, இதையெல்லாம் பிரிச்சு எழுதற ரிப்போர்ட்தான் கேஸுக்கு உசுரு. சின்ன அளவுல பாத்தா, காதுவில்லை போட்டு இன்சூரன்ஸ் பண்ணின மாட்டுக்குப் பணம் கெடைக்கறதும் ஒரு போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ்லதான் நிக்குது.

படிக்க ஆசப்படறவங்களுக்கு: பிளஸ் டூல பயாலஜி எடுத்து, மொதல்ல அஞ்சரை வருஷம் பிவிஎஸ்சி, கடைசி ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் அதுல சேர்த்தி. தமிழ்நாட்டுல ரொம்பப் பழசு வேப்பேரில இருக்கற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903ல ஆரம்பிச்சது, 1989ல இருந்து தனியா கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கு. அப்புறம் பேத்தாலஜில ரெண்டு வருஷம் எம்விஎஸ்சி, ஆராய்ச்சி பண்ணணும்னா பிஎச்டி, பரேலி பக்கம் இஸத்நகர்ல இருக்கற ஐவிஆர்ஐக்கு, அதாவது இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போறவங்களும் உண்டு. வேலைனு பாத்தா காலேஜ் வாத்தியார், மாவட்டத்துல கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு, ராணிப்பேட்டை தடுப்பூசி நிலையம், போபால்ல இருக்கற உயர்பாதுகாப்பு லேப், ஜூ, தனியார் லேப். வெளில தெரியாத பெரிய வாய்ப்பு மருந்துக் கம்பெனிதான், புது மருந்து எதுவும் மனுஷனுக்குப் போறதுக்கு முன்னாடி எலி மாதிரி பிராணிங்களுக்குக் குடுத்து ஒவ்வொரு உறுப்பா ஸ்லைடு போட்டுப் பாக்கணும், அதைப் படிச்சு கையெழுத்துப் போடறது வெட்டினரி பேத்தாலஜிஸ்ட். பெங்களூர், ஹைதராபாத்ல இந்த வேலைக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்காங்க. அமெரிக்கா போர்டு பரீட்சை எழுதணும்னா அங்க பொதுவா மூணு வருஷ ரெசிடென்சி முடிக்கணும், கஷ்டமான பரீட்சைன்னு பேரு.

கஷ்டம் இல்லாத வேலைனு சொல்ல மாட்டேன். நாத்தம் பழகிடும், எடை பழகாது, மாட்டுத் தொடையத் தூக்கி வெட்டற வேலைல முதுகு போயிடும். ரேபீஸ் தடுப்பூசி போட்டுக்காம மண்டையோட்டுல ரம்பம் வைக்கவே கூடாது. கன்னு கலைஞ்ச மாட்டோட நஞ்சுக்கொடிய வெறுங்கைல தொட்டா புருசெல்லோசிஸ் வரலாம், மாசக்கணக்குல காய்ச்சலும் மூட்டு வலியும். இத்தனைக்கும் மேல, நாய வளத்தவங்க அழுதுக்கிட்டே "நாங்க முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருக்குமா"ன்னு கேப்பாங்க, உண்மையும் சொல்லணும், அவங்க மனசையும் ஒடைக்கக் கூடாது. இதுக்கு எந்த சிலபஸ்லயும் பாடம் இல்ல, நல்ல சீனியர்கிட்ட பக்கத்துல நின்னு கத்துக்கறதுதான்.

உங்க வீட்டுப் பிராணி காரணம் தெரியாம செத்துட்டா, சங்கடமா இருந்தாலும் டாக்டர்கிட்ட போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாக்கலாமான்னு கேளுங்க, முக்கியமா வீட்டுல வேற பிராணியும் இருந்தா. நாய், பூனை, கோழின்னா ஐஸ் வெச்சு எடுத்துட்டுப் போங்க, ஃப்ரீசர்ல மட்டும் போடாதீங்க, உறைஞ்சா உள்ள ஐஸ் கட்டி செல்லையெல்லாம் கிழிச்சுடும், ஸ்லைடுல ஒண்ணும் தெரியாது. மாடு, ஆடுன்னா டாக்டருக்குப் போன் பண்ணிட்டு, அவர் வர்ற வரைக்கும் நெழல்ல போட்டு, நாய் காக்கா அண்டாம பாத்துக்கோங்க. வெறிநாய்னு சந்தேகம் இருந்தா நீங்க தொடவே தொடாதீங்க, தகவல் மட்டும் சொல்லுங்க, மூளைய ஐஸ்ல வெச்சு லேபுக்கு அனுப்பற வேலைய அவங்க பாத்துப்பாங்க, கடிபட்டவங்க ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே ஊசி போட ஆரம்பிச்சுடணும். டாக்டர் கேக்கும்போது "திடீர்னு செத்துப்போச்சு"ன்னு ஒரே வரில முடிக்காம, கடைசி ஒரு வாரம் என்ன தின்னுச்சு, எங்க மேஞ்சுது, என்ன மருந்து குடுத்தீங்க, நாட்டு மருந்தா இருந்தாலும் வெக்கப்படாம, எல்லாத்தையும் சொல்லுங்க.